ஒட்டுக்கேட்ட கொய்யா

"திருட்டுன்னு தெரிஞ்சே எத்தினி நாளைக்குடி பண்ணிக்கினு இருப்பே?"

"நான் எதையும் கையால தொடலியேம்மா."

"கையால தொட்டாத்தான் திருட்டா? சோறு ஆறிப்போவுதுன்னு போன் மேல போன் போட்டுக்கினு இருக்கேன். வேலியோரம் போயிட்டா உன் போனும் செத்துப்பூடுது, வூட்டு நெனப்பும் செத்துப்பூடுது."

அம்மா கிருஷ்ணவேணி அன்றைக்குக் கேட்டது இப்போதும் வெண்ணிலாவுக்கு முள்ளாய்க் குத்தியது. ஒரு கூடைக் கொய்யாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் கம்பி வேலியை நோக்கி நடந்தாள். இன்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட வேண்டியதுதான்.

கண்டமங்கலம் பக்கத்தில் அவர்கள் கொய்யாத் தோட்டத்தை ஒட்டியே ரஞ்சித்தின் தோட்டம். வாய்க்கால் தண்ணீருக்காக இரண்டு அப்பாக்களும் அடித்துக்கொண்ட நாளிலிருந்து இரு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. ஒரே பஸ்ஸில் விழுப்புரம் காலேஜுக்குப் போய்வந்தபோதுகூட, அவனும் அவளும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பா முதுகு வலியில் படுத்ததும் தோட்டம் வெண்ணிலாவின் கைக்கு வந்தது. பழ ஈ கொட்டி, காயைப் பிளந்தால் புழு. ரஞ்சித்தோ திண்டிவனத்தில் பயிற்சிக்குப் போய்வந்து, புதுசு புதுசாக என்னென்னவோ செய்துகொண்டிருந்தான். போய்க் கேட்கத்தான் வழியில்லை.

அந்த நேரத்தில்தான் அவள் அவன் குரலைக் கேட்டாள். தினமும் காலையில் வேலியோரம் நின்று, போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரோ ஓர் அதிகாரியிடம் பேசுவான்.

"ஆமா சார், காயி எலுமிச்சம்பழ சைஸு வந்ததும் கவர் மாட்டிட்டேன். மொதல்ல வலை, அதுக்கு மேல கவரு. ஈ கிட்டயே வர்ல சார்!"

நாலு தோட்டத்துக்குக் கேட்கும் குரல். வேலிக்கு இந்தப் பக்கம் கிளை மறைவில் குந்திக்கொண்டு, ஒரு சொல் விடாமல் கேட்பாள். மறுநாளே தன் மரங்களில் அதைச் செய்வாள்.

ஒரு மழையில் அவள் மாட்டிய கவர்களிலெல்லாம் தண்ணீர் தேங்கிக் காய்கள் அழுகிவிட்டன. அள்ளி வந்து வேலியோரம் கொட்டிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதாள். மறுநாள் காலையே அந்தக் குரல் வந்தது. "கவரோட அடியில ரெண்டு ஓட்டை போடணும் சார். இல்லாட்டி தண்ணி நின்னு அழுவிடும்." தெய்வமே இறங்கி வந்து சொன்ன மாதிரி இருந்தது அவளுக்கு.

நேற்று பாண்டிச்சேரி வியாபாரி வந்தார். பழத்தைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "பக்கத்துத் தோட்டத்துல இந்த வாட்டி எடுக்கலம்மா, உன் பழமே போதும்" என்றார். அதைக் கேட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் அலைந்து கற்றுவந்ததைக் களவாடி, கடைசியில் அவன் பிழைப்பிலேயே கை வைத்தாகிவிட்டது.

வேலியோரம் ரஞ்சித் போனும் கையுமாக நின்றிருந்தான். மறைவில்லாமல் நேரே வந்து நின்றவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டான். வெண்ணிலா கூடையை வேலிக்கு மேலே நீட்டினாள்.

"இது உங்க பழம்."

"எங்க மரம் ஒண்ணும் வேலி தாண்டி வர்லியே?"

"மரம் எங்களுது. வித்தை உங்களுது. நீங்க போன்ல பேசறதை ஒட்டுக்கேட்டு ஒட்டுக்கேட்டுத்தான் எல்லாம் பண்ணேன். இப்ப உங்க வியாபாரியையும் புடுங்கிக்கினேன். நல்லா திட்டிடுங்க."

அவன் திட்டவில்லை. கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துச் சட்டையில் துடைத்தான்.

"ஓட்டை போட்டப்புறம் அழுவல் நின்னுச்சா?"

"நின்னுச்சு" என்று தலை குனிந்தாள். "அந்த சார் நம்பரக் குடுங்க. அவர்கிட்டயும் ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுடறேன்."

"நீயே தேடிப் பாரு" என்று போனை அவளிடம் கொடுத்தான்.

திரையில் அழைப்பு எதுவும் இல்லை. டவர் கோடு ஒன்றுகூட இல்லை. அம்மாவின் திட்டு சட்டென்று நினைவுக்கு வந்தது. இந்த வேலியோரத்தில் என்றைக்குமே எந்தப் போனும் வேலை செய்ததில்லை.

அவனை நிமிர்ந்து பார்த்தாள். ரஞ்சித் போனை வாங்கி மறுபடியும் காதில் வைத்தான். இந்த முறை அவன் குரல் அவளுக்கு மட்டுமே கேட்டது.

"ஹலோ... உங்க வூட்டுக்குப் பொண்ணு கேட்டு வரட்டுமா?"