நான்காவது திருட்டு

அந்தக் காலடித் தடத்தை யாரும் மிதித்துவிடக் கூடாதென்று, சமையலறைப் பின்வாசலில் இரண்டு நாற்காலிகளைக் குறுக்கே போட்டுக் காவல் இருந்தாள் அந்த அம்மாள். வேலைக்காரப் பெண் தரையைத் துடைக்க வந்தபோதுகூட விரட்டிவிட்டாளாம். போலீஸ்காரருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

மற்ற மூன்று வீடுகளிலும் அவர் போய்ச் சேர்வதற்குள் தெருவே உள்ளே புகுந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிருந்தது. தடயம் என்று சொல்ல ஒரு தூசிகூட மிஞ்சவில்லை.

இரண்டு மாதத்தில் இந்தத் தெருவில் இது நான்காவது திருட்டு. இந்த வட்டாரத்தில் குற்றம் கூடிக்கொண்டே போகிறதென்று மேலதிகாரி காலையில்தான் அவரை வறுத்தெடுத்திருந்தார். சாயங்காலத்துக்குள் யாராவது ஓர் ஆளைக் கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும்.

கணவர் கண் ஆஸ்பத்திரிக்கும் அம்மாள் கடைக்கும் போயிருந்த நேரத்தில் நடந்திருக்கிறது. பீரோவில் இருந்த இரண்டு வளையலையும் ஒரு சங்கிலியையும் காணவில்லை.

போலீஸ்காரர் குனிந்து பார்த்தார். ஈரமண் தடம் மூன்று. பெரிய ஆண் செருப்பு. மூன்றுமே வலது கால்.

"நொண்டியடிச்சுக்கிட்டே வந்திருப்பான் போல" என்று சிரித்தார். கூடச் சிரிக்க அங்கே ஆளில்லை.

"இதைப் படம் எடுத்து வெளியூர் ஸ்டேஷனுக்கெல்லாம் அனுப்புவீங்களா சார்?" என்றாள் அம்மாள்.

"பின்னே? போன வருஷம் மூலை வீட்டுல திருடினவன் மூஞ்சியை ஊர் ஊரா ஒட்டினோம். எங்கேயோ ஒரு கோடியில ஒளிஞ்சிருந்தான். நாலே நாள்ல அமுக்கிட்டோம்ல!"

"நாலே நாள்லயா?" அவள் முகம் சட்டென்று மலர்ந்தது. நகை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பின்வாசல் கதவை ஆட்டிப் பார்த்தார். "பூட்டு உடையலை. சாவி போட்டுத்தான் திறந்திருக்கான். மொத்தம் எத்தனை சாவி?"

"ரெண்டு" என்றார் கணவர்.

"மூணு" என்றாள் அம்மாள். "ஒண்ணு எம் பையன்கிட்ட இருக்கு."

கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அவன் வீட்டை விட்டுப் போயி ஆறு வருஷமாச்சு சார். இருக்கானா இல்லையான்னே தெரியாது. இவ பேச்சை எடுத்துக்காதீங்க."

"அவன்தான் சார் வந்திருக்கான். எழுதிக்குங்க." அவள் கைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினாள். "நல்ல உயரம். இடது புருவத்துல ஒரு தழும்பு இருக்கும். சிரிச்சா ஒரு பக்கமாத்தான் சிரிப்பான்."

போலீஸ்காரரின் பேனா நின்றது. கையும் களவுமாகப் பிடித்தாலும் என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை என்று சத்தியம் பண்ணுகிற அம்மாக்களைத்தான் அவர் இத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறார். பெற்ற பிள்ளையைத் தானே காட்டிக் கொடுக்கிறவளை இன்றுதான் பார்க்கிறார். அவருக்கு அது பிடிக்கவில்லை. யாரையோ காப்பாற்றத்தான் இப்படிச் சொல்கிறாள் என்று பட்டது.

வேலைக்காரப் பெண் பக்கம் திரும்பினார். "நீ எத்தனை வருஷமா இங்க வேலை பாக்கறே?"

"ஒம்பது வருஷமாங்க."

"அப்ப சாவி, பீரோ எல்லாம் உனக்கு அத்துப்படி."

"ஐயோ, நான் சாவியைத் தொட்டதுகூட இல்லைங்க! புள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரம் சார், நான் போகணும்."

"அவளை விட்டுடுங்க சார்" என்று குறுக்கே வந்தாள் அம்மாள். "அவ ஒண்ணும் பண்ணல. எம் பையன்தான்னு சொல்றேன்ல!"

"ஆறு வருஷமா இல்லாத ஆளை நான் எங்கேம்மா போய்த் தேடுவேன்? இவளைக் கூட்டிட்டுப் போய் ரெண்டு கேள்வி கேட்டா எல்லாம் தானா வெளிய வந்துடும்." அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "ம், நட. வண்டியில ஏறு."

அந்தப் பெண் அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "நீங்களாவது சொல்லுங்கம்மா. நானா எடுத்தேன்?"

அம்மாள் கையிலிருந்த போட்டோவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். டப்பா ஒன்றின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது ஒரு கையில் வளையல்களும் சங்கிலியும் இருந்தன. மேலெல்லாம் மாவு ஒட்டியிருந்தது. இன்னொரு கையில் ஓர் ஆண் செருப்பு, வலது காலுடையது. அடியில் ஒட்டியிருந்த மண் இன்னும் காயவில்லை.

கணவர் அந்தச் செருப்பைப் பார்த்தார். "இது அவன் விட்டுட்டுப் போன செருப்புல்ல?" என்று முணுமுணுத்தார்.

போலீஸ்காரருக்குக் கோபம் தலைக்கேறியது. "போலீஸோட விளையாடறீங்களா? பெத்த புள்ளையையே திருடன்னு சொல்ல உங்களுக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?"

அந்த அம்மாள் அழவில்லை. நகைகளை மேசைமேல் வைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த போட்டோவை மறுபடியும் அவரிடமே நீட்டினாள்.

"காணோம்னு எழுதிக் குடுத்தப்ப யாரும் தேடலையே சார். திருடன்னு சொன்னாலாவது தேடுவீங்கல்ல?"