மேட்டு மரத்து ஆப்பிள்கள்

நவம்பர் பிறந்து ஐந்து நாளாகியும் வெயில் மண்டையைப் பிளந்தது. எத்சுகோ கழுத்துத் துண்டைப் பிழிந்து மறுபடியும் சுற்றிக்கொண்டாள்.

பத்து நாளுக்கு முன்னால் உறைபனி விழுந்து கடைசிக் கத்தரிச் செடிகள் கருகின. சரி, குளிர் வந்துவிட்டது என்று பரண்மேல் கிடந்த மண்ணெண்ணெய் அடுப்பை இறக்கித் துடைத்து வைத்தாள். மறுநாளே கோடை திரும்பி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. வெட்கம் கெட்ட பருவம்.

இரவு குளிராமல் ஆப்பிள் சிவக்காது. ஆப்பிள் சிவக்காமல் அவள் கணவர் கியோஷி தோட்டத்தை விட்டு நகரமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தோக்கியோவில் மகள் சாவோரிக்குக் கல்யாணம். ஒரே மகள். சனிக்கிழமை காலையில் ரயில். இன்று வியாழன்.

"பழம் நெறம் ஏறல. அத விட்டுட்டு எப்படி வர்றது?" ஒரு வாரமாக இதே பதில்தான்.

அதுவும் தோட்டத்துப் பழம் முழுவதையும் சொல்லவில்லை. அதைப் பறிக்க இன்னும் நாள் இருக்கிறது. இவர் கட்டிக்கொண்டு அழுவது மேட்டின் உச்சியில் நிற்கும் ஒற்றை மரத்தை. வருஷாவருஷம் அந்த மரத்துப் பழங்களில் வெயில் படும் பக்கமாகக் கறுப்புத் தாளில் வெட்டிய எழுத்து ஒட்டுவார். பழம் சிவந்ததும் தாளை உரித்தால் எழுத்து மட்டும் வெளுப்பாக நிற்கும். 'மங்களம்' என்று பொருள்படும் ஒரே ஜப்பானிய எழுத்து. புத்தாண்டுக்குக் கோவிலில் வைப்பதற்கு.

புத்தாண்டுக்கு இன்னும் இரண்டு மாதம் கிடக்கிறது!

ஆனாலும் பொழுது விடிந்தால் ஏணியும் கையுமாக அங்கேதான் நின்றார். பழத்தின்மேல் நிழல் விழக்கூடாதென்று இலைகளைக் கிள்ளினார். கீழிருந்தும் வெளிச்சம் படட்டுமென்று மரத்தடியில் வெள்ளித்தாள் விரித்தார்.

"மரத்த மொட்டையடிச்சாச்சு. இனி உங்க தலைதான் பாக்கி" என்று எத்சுகோ நேற்றுச் சொன்னாள். அதிலும் பறிக்க ஒன்றுமில்லை என்பது வேறு விஷயம்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்கு வானிலை கோணல். உண்மைக் காரணம் ஊருக்கே தெரியும். மாப்பிள்ளை நிஷிவாகி, வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து பெண்வீட்டுப் பெயரை ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டான். ஒசனாய் என்ற தங்கள் குடும்பப் பெயரைச் சுமக்க இனி ஆளில்லை. கல்யாணத்துக்குப் பிறகு தான் நிஷிவாகி சாவோரி ஆகிவிடுவேன் என்று ஆகஸ்டில் மகள் சொன்னபோது, கியோஷி தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனார். அதன்பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

மதியம் சாவோரி போன் செய்தாள்.

"அப்பா வர்றாரா இல்லையாம்மா? வரலன்னா அவரு நாற்காலிய எடுக்கச் சொல்லணும்."

எத்சுகோவுக்கு அழுகைக்குப் பதிலாக ஆத்திரம்தான் வந்தது. வானத்தின் மேலா, அவர் மேலா என்று அவளுக்கே தெரியவில்லை. கியோஷி பழப்பெட்டி வாங்க விவசாயிகள் சங்கத்துக்குப் போயிருந்தார். அவள் கத்தரிக்கோலையும் கூடையையும் எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள். முழங்கால் வலி வந்ததிலிருந்து இரண்டு வருஷமாக அந்தப் பக்கமே போனதில்லை.

பழம் இருந்தால்தானே சாக்கு?

நிழல் பக்கத்திலிருந்து வெட்டத் தொடங்கினாள். இளைப்பில் எதையும் திருப்பிப் பார்க்கவில்லை. வெட்டினாள், கூடையில் போட்டாள். எல்லாம் காய்ச்சல் கண்டவன் முகம்போல வெளிறிக் கிடந்தன.

ஒன்பதாவது பழம் கைநழுவி வெள்ளித்தாளில் உருண்டு நின்றது.

அதன்மேல் இருந்தது அந்த ஒற்றை எழுத்து அல்ல. நான்கு எழுத்துகள்: குடும்பப் பெயருக்கு இரண்டு, மகள் பெயருக்கு இரண்டு. நிஷிவாகி சாவோரி.

கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள். எட்டிலும் அதே பெயர். மரத்தைச் சுற்றிக்கொண்டு வெயில் பக்கம் போனாள். ஏணிக்கு எட்டிய உயரம் வரைக்கும் அதே பெயர்.

எழுத்து ஒட்டுவது செப்டம்பரில். ஆகஸ்டில் கோப்பையைக் கவிழ்த்த மனுஷன்.

நகத்தால் ஒரு பழத்தில் ஒட்டியிருந்ததை உரித்துப் பார்த்தாள். அடியிலும் வெளுப்பு, சுற்றிலும் வெளுப்பு. பெயர் விழவே இல்லை. மரத்தை விட்டு வந்த பழம் இனி வெயிலில் கிடந்தாலும் இந்த நிறம்தான்.

கியோஷி மேட்டேறி வரும் சத்தம் கேட்டது. அவர் கூடையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தாள். அவரோ புல்லில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார்.

"கல்யாணத்துக்கு எழுபது பேருன்னு நீ போன்ல சொல்லிட்டிருந்த. ஆளுக்கு ஒண்ணு, உதிர்றதுக்கு ஏழுன்னு எழுவத்தேழு ஒட்டினேன். இப்ப ஒம்பது போச்சு." விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "ரெண்டு பேருக்குப் பழம் இல்ல."

எத்சுகோ கத்தரிக்கோலை மடக்கினாள்.

"நம்ம ரெண்டு பேருக்கும் வேண்டாங்க."

கியோஷி மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"அப்ப சரியா இருக்கும். சிவந்தாலும் சிவக்காட்டியும் நாளைக்குச் சாயங்காலம் பறிச்சிடுவோம்."