கோபித்துக்கொண்ட ஹீட்டர்

ஒரு ஐஸ்கிரீம் கடையின் பெரிய ஃப்ரீசருக்குள் குளிர்க்குழாயும் விசிறியும் ஹீட்டரும் சேர்ந்து வாழ்ந்தன. குழாய் குளிர்விக்கும், விசிறி அந்தக் குளிரைப் பரப்பும். குழாயில் படியும் பனியை அவ்வப்போது உருக்கிவிடுவது ஹீட்டரின் வேலை.

“குளிர்ற வீட்டுல சூடானவனுக்கு என்ன வேலை?” என்று குழாய் ஹீட்டரை எந்நேரமும் கேலி செய்யும். ஒருநாள் ஹீட்டர் சூடாகவே இல்லை.

“கோவிச்சுக்கிட்டான். நாம கெஞ்சினா தலைமேல ஏறிடுவான்” என்றது குழாய்.

பனி ஏறிக்கொண்டே போய்க் குழாயைச் சுவர்போல மூடியது. காற்று நுழைய வழியில்லை. ஐஸ்கிரீம் இளகத் தொடங்கியது.

“ஐயோ, எல்லாம் கூழாகப் போகுது!” என்று விசிறி அலறியது. “ஹீட்டர் அண்ணே, கோபத்தை விட்டுடுங்க!”

“கோபமா? என் ஒயர் கழன்றுபோச்சு தம்பி. யாராவது என்னன்னு கேப்பீங்கன்னு பார்த்துக்கிட்டே இருக்கேன்.”

விசிறிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இறக்கை உடைந்தாலும் சரியென்று பனிச்சுவரில் டகடகவென்று மோதியது! கடைக்காரி மெர்சி சத்தம் கேட்டு ஓடிவந்தாள். உடனே மெக்கானிக்கை வரவழைத்தாள். அவர் ஒயரை மாட்டினார்.

ஹீட்டர் சிவந்தது. பனி பொலபொலவென்று உதிர்ந்தது!

“இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயேன்” என்றது குழாய், மெல்லிய குரலில்.

“இருந்தா ஐஸ்கிரீம் உருகிடும்” என்று சிரித்துக்கொண்டே ஹீட்டர் அணைந்தது.