இரண்டாவது தவில்

பெருமாள் கோயில் வாசலில் ஜலாலுதீன் கியரை ‘டி’யில் போட்டபோது, பின் இருக்கையில் மாலையும் கழுத்துமாக இருந்த மாசிலாமணி கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

பக்கத்தில் புதுப்பெண் பாக்கியலட்சுமி. தாலி ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

முன் இருக்கையில், வண்டி ஓட்டும் மாப்பிள்ளைத் தோழன் ஜலாலுதீனை ஒட்டினாற்போல், மாமனார் வைரக்கண்ணு. பஸ் கம்பெனியில் டைம்கீப்பர். பஸ் முக்குத் திரும்புவதற்குள் சத்தத்தை வைத்தே எந்த வண்டி, யார் ஓட்டுகிறான் என்று சொல்லிவிடுவார்.

அந்தக் காதுக்குத்தான் மாசிலாமணி பயந்தான்.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை முடி என்பார்கள். அவன் பாவம், ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தான். இந்த அமெரிக்க வண்டியின் என்ஜினுக்குள் மாட்டியிருந்த ரேஸ் கேம்ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டேன் என்று.

கழற்றவில்லை. மனசு வரவில்லை.

ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்த சாமான் அது. மிதித்து ஓட்டினால் என்ஜின் பாட்டுப் பாடும். மெதுவாக ஓடும்போதுதான் இருமல் வரும். போதாக்குறைக்கு ஆட்டோ கியர் வண்டி. என்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் இருக்கும் டார்க் கன்வர்ட்டர் மெதுவான ஓட்டத்திலேயே பிடித்துக்கொள்ளும். இருமுகிற என்ஜின் அந்தப் பிடியில் செத்துப்போகும். சாகாமல் இருக்க என்ஜின் ஓட்டத்தைக் கூட்டி வைத்தால், பிரேக்கையும் மீறி வண்டி பாயும்.

பெண் பார்க்கப் போன அன்று அப்படித்தான் பாய்ந்தது. பஃபலோ ரோட்டில், வைரக்கண்ணு வீட்டு வாசலில் வைத்திருந்த மல்லிகைத் தொட்டிகள் அத்தனையும் டயருக்கு அடியில் போயின.

அவர் தொட்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு என்ஜினைக் கேட்டார். அந்த ரேஸ் சாமான் வெளியே போனால்தான் என் பெண் உன் வீட்டுக்கு வருவாள் என்றார். தாலி ஏறிய பிறகு அந்தச் சத்தம் காதில் விழுந்தாலும் மகளைக் கையோடு கூட்டி வந்துவிடுவேன் என்றார். சொன்னால் செய்கிற மனுஷன்.

அதோடு விட்டாரா? கழற்றினது நிஜமென்றால் ஊர்வலமும் அந்த வண்டியிலேயே வரட்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். இப்போது கேட்டுக்கொண்டே வருவதற்காகத்தான் முன் இருக்கையைப் பிடித்திருந்தார்.

மாசிலாமணி ஒரு மாதம் வண்டியை வெளியே எடுக்கவே இல்லை. அதற்கு முன்பெல்லாம் ஜாலான் புசாரில் இருக்கும் தன் கடையைப் பூட்டிவிட்டுத் தினமும் பஃபலோ ரோடு வழியாகத்தான் வீட்டுக்குப் போவான்.

கேம்ஷாஃப்ட்டைக் கழற்ற மனமில்லாதவன் கன்வர்ட்டரை மாற்றினான். சின்ன வண்டிக்கு உள்ள சின்ன கன்வர்ட்டர். என்ஜின் நன்றாகச் சுற்றினால்தான் பிடிக்கும், அதுவரை நழுவிக் கொடுக்கும். அது வந்து சேர்ந்ததே முந்தாநாள். காப்புக் கட்டின மாப்பிள்ளை வாசல் தாண்டக் கூடாது என்பதால், வண்டியை அவன் வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுவந்து ஜலாலுதீனும் அவனுமாக மாட்டினார்கள். நலங்கு மஞ்சளுக்கு மேல் கிரீஸ். எத்தனை தேய்த்தும் நகக்கண்ணில் இன்னும் கறுப்பு இருந்தது.

காலையில் ஜலாலுதீன் வண்டியை விரட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்துவிட்டான். நடை வேகத்தில் ஊர்ந்து பார்க்கத்தான் நேரமில்லை.

மாசிலாமணி கண்ணைத் திறந்தான்.

என்ஜின் சாகவில்லை. வண்டி பாயவும் இல்லை. ஜலாலுதீன் பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். நாதஸ்வரக்காரருக்கு இரண்டு முழம் பின்னால், அத்தனை பெரிய வண்டி பூனை மாதிரி நடக்க ஆரம்பித்தது.

மாசிலாமணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தலைப்பாகையைக் கழற்றி வீசலாம் போல் இருந்தது. சிராங்கூன் ரோட்டில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டான். ஒரு சீனக் கிழவருக்கு இரண்டு முறை போட்டான். தவில்காரர் வெளுத்து வாங்கினார். அந்தச் சத்தத்தில் என்ஜின் சத்தம் யாருக்குக் கேட்கப் போகிறது? வைரக்கண்ணு திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலை மென்றார்.

பாக்கியலட்சுமி மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை. முகம் வாடிக் கிடந்தது, கண்ணில் ஈரம். வண்டியைக் கண்டு பயப்படுகிறாள் போலிருக்கிறது என்று அவனுக்கு உருகிப்போயிற்று.

பஃபலோ ரோட்டு முனையில் நாதஸ்வரக்காரருக்கு யாரோ சோடா நீட்டினார்கள். வாசிப்பு நின்றது. தவிலும் நின்றது.

தடக். தடக் தடக். தடக்.

வைரக்கண்ணுவின் முதுகு நிமிர்ந்தது. மெல்வது நின்றது.

“என்ன மாப்ள, அது என்ன சத்தம்?”

மாசிலாமணி தலைப்பாகையைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டான். மாலைக்குள்ளே வியர்த்து வழிந்தது. கட்டின அன்றைக்கே பெண்டாட்டியைப் பறிகொடுத்த முதல் ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டான்.

“பின்னாடி இன்னொரு தவில் வருதுப்பா,” என்றாள் பாக்கியலட்சுமி. “நீங்க முன்னால பாருங்க.”

மகள் பேச்சுக்கு அவரிடம் மறுபேச்சு கிடையாது. முன்னால் பார்த்தார். நாதஸ்வரம் மறுபடி எழுந்தது.

அப்போதுதான் அவள் தலை நிமிர்ந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வளையல் குலுங்கச் சற்றே அவன் பக்கம் சாய்ந்து, கல்யாணமான பிறகு முதல் முதலாக அவனிடம் பேசினாள்.

“ஒரு மாசமா சாயங்காலத்துல அந்தச் சத்தமே வரல. நிஜமாவே கழட்டிட்டீங்களோன்னு பயந்துட்டேன்.”