இரண்டாவது எண்

ரெங்கம் நகருக்கு அருகே குன்றின் மேல் பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் கோபுரத்தில், டெஸ்மண்ட் அமெச்சூர் ரேடியோ ரிப்பீட்டர் பொருத்தியிருந்தார்; பொழுதுபோக்கு வானொலியாளர்களின் பேச்சை வாங்கித் தொலைவுக்கு அனுப்பும் கருவி அது. கோபுர நிர்வாகத்தின் சார்பில் தர ஆய்வுக்கு வந்த வலேரி எர்த் கம்பியை இழுத்துப் பார்த்தாள். கேபிள் முனைகளில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள்.

"வயரிங் நீட்டா இருக்கு."

"ஒரு மாச வேலை மிஸ். வெள்ளம் வந்து ஃபோன் லைன் செத்துட்டா, இதுலதான் பேசணும்."

ரிப்பீட்டர் பெட்டியின் மேல் அவசரத் தொடர்புக்கு இரண்டு எண்கள் இருந்தன. முதலாவது டெஸ்மண்டுடையது. இரண்டாவதை அவள் இருமுறை படித்தாள்.

"இது யாரோட நம்பர்?"

"என் மகளோடது," என்றார், அவள் முகத்தையே பார்த்தபடி.

"இப்பவே அடிச்சுக் காட்டுங்க. ரெண்டு நம்பர்லயும் ஆள் எடுக்கணும். இல்லாட்டி ரிப்பீட்டரைக் கழட்டணும்."

"ஒவ்வொரு ஞாயிறும் சர்ச் முடிஞ்சதும் அடிக்கிறேன். மூணு வருஷமா எடுக்கல."

"அப்போ வேற நம்பர் போடுங்க."

"வேற யாரும் இல்ல எனக்கு."

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்லா. அடிங்க."

டெஸ்மண்ட் தயங்கியபடி எண்ணை அழுத்தினார்.

வலேரியின் கைப்பைக்குள் கைப்பேசி ஒலித்தது. நான்கு முறை ஒலிக்கும்வரை அவள் அசையவில்லை. பிறகு அதை எடுத்து, எதிரே நின்றவரைப் பார்க்காமல் காதில் வைத்தாள்.

"சொல்லுங்க, டேடி."