பெயர் வெட்டிய மரம்

கல்லறைத் தோட்டத்திலிருந்து எஸ்டேட் லைன் வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஒற்றைச் சவுக்கு மரத்தின் முன்னால் பிலோமினாவின் மருமகள் கைசா முழங்காலிட்டிருக்கிறாள். சற்றுமுன் பிலோமினாவின் மகன் அன்டனைப் புதைத்த ஈரமண் மாமியார், மருமகள் இருவர் செருப்பிலும் அப்பியிருக்கிறது. தேயிலைச் சரிவை விழுங்கிக்கொண்டு ஏறும் பனிமூட்டத்துக்குள் எங்கோ கொழுந்து வெட்டும் மிஷின் இரைகிறது. பின்லாந்திலிருந்து கணவனின் சவப்பெட்டியோடு வந்தவள், மரத்தின் கீழ்க்கிளைகளைக் கழித்துவிட்டு, பட்டை சீவிய வெள்ளையில் அவன் பெயரைப் பேனாக்கத்தியால் செதுக்குகிறாள். “என்னம்மா செய்றே?” என்கிறாள் பிலோமினா. “எங்க ஊர்ப் பழக்கம், அம்மா.” அவன் சொல்லிக்கொடுத்த தமிழ் ஒவ்வொரு சொல்லாக வருகிறது. “செத்தவங்க எந்திரிச்சு வீட்டுக்கு நடந்து வருவாங்க. இங்க பேரைப் பார்ப்பாங்க. செத்துட்டோம்னு தெரியும். திரும்பிப் போயிடுவாங்க.”

பிலோமினா வளைவுக்கு அப்பால் தெரியும் தன் வீட்டுத் தகரக் கூரையைப் பார்க்கிறாள். வரும்போது கதவைச் சாத்தாமல்தான் வந்திருக்கிறாள். “உயிரோட இருந்தப்ப ஒரு கிறிஸ்மஸுக்கும் வரல. இப்பவாச்சும் வரட்டும்லா. தடுக்காதம்மா.” கைசாவின் கை நின்றுவிடுகிறது, ஆனால் கடைசி எழுத்தும் வெட்டியாகிவிட்டது. பிலோமினா குனிந்து செம்மண்ணை வாரி எழுத்துகளுக்குள் திணிக்கிறாள், கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பூசுகிறாள். கத்தியைக் கீழே போட்டுவிட்டு கைசாவும் மண் அள்ளிக் கொடுக்கிறாள். தூறல் பிடித்துக்கொள்கிறது. மேலே பூசிய மண்ணெல்லாம் கரைந்து வழிந்துவிட, வெட்டிய பள்ளங்களில் மட்டும் செம்மண் தங்கி, அன்டனின் பெயர் முன்பைவிடப் பளிச்சென்று, சிவப்பாக, கல்லறைப் பக்கம் பார்த்து நிற்கிறது.