தங்கமான நடத்தை

“அந்தப் பொம்பளை எழுதி வச்சதைப் படிச்சாங்கன்னா, என் தம்பி இந்த வருஷமும் வெளியே வர மாட்டான்.”

வக்கீல் டீடமன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இர்மெலா விடவில்லை. புது வக்கீல், இவருக்கு என்ன தெரியும்?

தம்பி ஃபோல்க்மார், கோபத்தில் இரண்டு பேரைக் கத்தியால் குத்தியவன். தண்டனை முடிந்து எட்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் ஆபத்தானவன் என்று, அதற்கென்றே உள்ள சட்டப்படி, இன்னும் சிறையிலேயே வைத்திருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு முறை மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து, விடலாமா என்று பார்ப்பார்கள். ஏழு முறை முடியாது என்றுவிட்டார்கள். தீர்ப்பில் காரணம் பக்கம் பக்கமாக இருக்கும். ‘மறுக்கப்படுகிறது’ என்ற வரியோடு இர்மெலா மூடிவிடுவாள்.

அதற்காக ஓய்ந்துவிடுகிறவள் இல்லை. எட்டாவது முறையும் தன் ஊர் ஊல்ட்சனில் காலை ரயிலைப் பிடித்து விசாரணைக்கு வந்துவிட்டாள்.

பார்க்கப் போகும்போதெல்லாம் தம்பிக்கு ஒரே பாடம்தான். யார் என்ன சொன்னாலும் சிரி, தலையை ஆட்டு, வாயைத் திறக்காதே. அவனும் அப்படியே இருந்தான். ஏழு வருஷத்தில் ஒரு கரும்புள்ளி கிடையாது.

போன வருஷம் க்ரால் என்ற காவலர் அவன் பிரிவுக்கு மாற்றலாகி வந்தாள். வந்ததிலிருந்து நச்சரிப்பு. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், எதற்கு இளிக்கிறீர்கள் என்று கேட்பாளாம்.

பிப்ரவரியில் அவன் தயிரை எவனோ தின்றுவிட்டான். ஃபோல்க்மார் தட்டைச் சுவரில் எறிந்து உடைத்தான். க்ரால் அதைத் தேதி, நேரத்தோடு எழுதினாள். பிறகு கதவை அறைந்தது, கத்தியது, சாப்பிட மறுத்தது, எல்லாவற்றையும் எழுதினாள். மொத்தம் பதினொன்று. அதை நீக்கச் சொல்லி இர்மெலா இரண்டு கடிதம் போட்டாள். ஒரு வரிகூட நீக்க முடியாது என்று பதில் வந்தது.

விசாரணை அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் க்ரால் எதிரே வந்தாள். இர்மெலா வழியை மறித்தாள்.

“உங்களுக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லையா மேடம்?”

“ஒரு தங்கச்சி இருக்கா. வாரம் ஒரு சண்டை,” என்று சொல்லிவிட்டு க்ரால் உள்ளே போய்விட்டாள்.

விசாரணையில் பதினொன்றையும் படித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஃபோல்க்மார் எழுந்து ஆமாம் என்றான். இர்மெலா தலையைக் குனிந்துகொண்டாள்.

யார் மேலாவது கை வைத்தாரா என்று நடுவிலிருந்த பெண் நீதிபதி கேட்டார்.

“இல்லைங்க,” என்றாள் க்ரால். “தட்டை உடைச்ச அன்னிக்கு அவரே கூட்டி அள்ளினார். பத்து நிமிஷத்துல எங்கிட்ட வந்து சொன்னதும் அவர்தான். எல்லாத்தையும் எழுதியிருக்கேன்.”

நீதிபதிகள் எழுந்து உள்ளே போனார்கள். அரை மணி நேரம். இர்மெலா அடுத்த வருஷத்துக்கு வேறு வக்கீல் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டாள்.

திரும்பி வந்த நீதிபதி, ஃபோல்க்மாரை வெளியே விடலாம் என்றார். வாராவாரம் வந்து கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

இர்மெலாவுக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை.

நீதிபதி அவனைப் பார்த்துச் சொன்னார்: “ஏழு வருஷமா நீங்க ஒரு தப்பும் பண்ணலை. அதான் எங்களுக்குப் பயமா இருந்தது. கோபம் வந்தா நீங்க என்ன செய்வீங்கன்னு, இந்தம்மா எழுதின அப்புறம்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது.”